சுகாதாரப் பாடம்: நமத்துப்போன வெல்டிங் குச்சி – வீட்டுப் பட்டறைக்காரர்கள் கவனத்திற்கு



இந்தப் பகுதியில் வழக்கமாக நீரிழிவு, டெங்கிக் காய்ச்சல், பாம்புக்கடி, பிள்ளைத்தாய்ச்சி கவனிப்பு என்றுதான் எழுதி வருகிறேன். இந்த முறை வெல்டிங் குச்சியைப் பற்றி எழுதப் போகிறேன். "டிரெசருக்கும் வெல்டிங் ராடுக்கும் என்னய்யா சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், ஐம்பது வயதுத் தாயார் ஒருவரை நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வலது கணுக்கால் வீங்கி, கால் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. பார்த்தவுடனே எலும்பு முறிவு என்று தெரிந்துவிட்டது. கட்டை வைத்துக் கட்டி, வலிக்கு மருந்து கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். மூன்று மாதம் அந்த அம்மா வேலைக்குப் போக முடியவில்லை.

நடந்தது இதுதான். மகன் சிங்கப்பூரில் துவாஸ் பக்கம் கப்பல் வேலை செய்கிறவன். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவன், தண்ணீர்த் தொட்டிக்கு இரும்புத் தாங்கி செய்து வீட்டுக்குப் பின்னால் வைத்தான். மூன்றாம் நாள் அரிசி களையப் போன தாயாரின் பக்கத்திலேயே தாங்கியின் ஒரு கால் விட்டுப்போய், தொட்டி சரிந்தது.

அந்தப் பையன் என் முன்னால் உட்கார்ந்து அழுதான். "மாமா, கப்பல்ல வெல்டிங் பண்றவன் நான். எனக்கு வேலை தெரியாதா?" என்றான். வேலை தெரியும். கையில் குறை இல்லை. முறிந்த காலை நான் கையில் எடுத்துப் பார்த்தேன். பற்றவைத்த இடம் முழுக்க ஆப்பம் மாதிரிப் பொத்தல் பொத்தலாக இருந்தது. "ராடு எங்கேப்பா வச்சிருந்தே?" என்று கேட்டேன். குளியலறைச் சுவரில் சாய்த்து, கிழிந்த பொட்டலத்தில், இரண்டு மாதமாக வைத்திருந்தானாம்.

கப்பல் பட்டறையில் குச்சியை அடுப்பில் சூடாக வைத்து, எண்ணிக் கொடுத்து, மிச்சத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அங்கே அதற்கென்று ஆள் இருக்கிறார். வீட்டில் யார் இருக்கிறார்கள்? நாம்தான். ஆகவே இந்தப் பாடம்.

குச்சியின் மேல்பூச்சு

வெல்டிங் குச்சி என்பது வெறும் கம்பி அல்ல. நடுவில் இரும்புக் கம்பி, அதன்மேல் மாவு பூசியதுபோல ஒரு பூச்சு. 1900களின் தொடக்கத்தில் ஸ்வீடன் நாட்டில் ஆஸ்கார் ஷெல்பெர்க் என்பவர் இந்தப் பூச்சுக் குச்சியைக் கண்டுபிடித்தார். கப்பல்களையும் நீராவிக் கொதிகலன்களையும் பழுது பார்க்க நல்ல வழி தேடியபோது கண்ட வழி அது. வெறும் கம்பியால் பற்றவைத்தால் காற்று பட்டு இணைப்பு கெட்டுப்போகிறது. பூச்சு எரியும்போது புகை கிளம்பி, உருகிய இரும்பைக் காற்றிலிருந்து மூடிக் காக்கிறது. மிச்சம் கசடாக மேலே படிந்து, ஆறும்வரை போர்வைபோல் காக்கிறது.

அந்தப் பூச்சில் பலவகைக் கனிமத் தூள்கள் இருக்கின்றன. அவற்றை ஒட்ட வைப்பது சிலிகேட் என்னும் பசை. இந்தப் பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தீபாவளி முறுக்கை டின்னில் போடாமல் தட்டில் வைத்தால் மறுநாள் என்ன ஆகும்? நமத்துப்போகும். முறுக்கு தண்ணீரில் விழவில்லை, காற்றுப் பட்டுத்தான் நமத்தது. குச்சியும் அப்படித்தான். "மழையில நனையலியே" என்று சொல்வது போதாது.

நமது பக்கத்துக் காற்றைப் பாருங்கள். சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரிக் காற்றீரம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90ஐத் தாண்டும். நல்ல வெயில் பிற்பகலில் 60 வரை இறங்கும். அடைமழையில் 100 விழுக்காடுகூட ஆகும். ஜோகூர்த் தோட்டங்களிலும் இதே காற்றுத்தான். குளிர்நாட்டில் குச்சி ஒரு மாதம் தாங்கும் என்றால், இங்கே அந்தக் கணக்கு செல்லாது.

ஈரம் ஏறினால் என்ன ஆகும்?

ஒன்று: பூச்சிலுள்ள தண்ணீர் வெல்டிங் சூட்டில் ஆவியாகிக் குமிழி விடும். இரும்பு ஆறும்போது அந்தக் குமிழி உள்ளேயே நின்று பொத்தலாகும். அந்தத் தாயாரின் தொட்டித் தாங்கியில் நான் கண்டது அதுதான்.

இரண்டு: அந்தச் சூட்டில் தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் வாயு உண்டாகும். இது உருகிய இரும்புக்குள் புகுந்துகொள்ளும். தடித்த இரும்பிலும் உறுதி மிகுந்த எஃகிலும் இது பொல்லாதது. பற்றவைத்த அன்று பார்த்தால் இணைப்பு அழகாக இருக்கும். சில மணி நேரம் கழித்து, சில சமயம் இரண்டு நாள் கழித்து, உள்ளே விரிசல் விடும். முக்கியமான வேலைகளில் 48 மணி நேரம் காத்திருந்து பிறகு சோதிப்பது இதனால்தான். "நேத்து நல்லாத்தான இருந்துச்சு" என்று நாம் சொல்வதும் இதனால்தான்.

மூன்று: தீப்பொறி அதிகம் தெறிக்கும், புகை கூடும், வளைவுச் சுடர் நிலையாக நிற்காமல் துடிக்கும். கண்ணுக்கும் நெஞ்சுக்கும் தோலுக்கும் கெடுதல்.

நான்கு: ஈரப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தும். ஈரக் குச்சியை ஈரக் கையுறையோடு பிடிப்பது எமனோடு கைகுலுக்குவது.

வெல்டிங் ஓரத்துச் சின்ன விரிசல் என்ன செய்யும் என்பதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. 1980 மார்ச் 27ஆம் நாள், வடகடலில் நார்வே நாட்டுப் பகுதியில், எண்ணெய்த் தொழிலாளர் தங்கியிருந்த 'அலெக்சாந்தர் கீலண்ட்' என்ற மிதக்கும் மேடை புயலில் கவிழ்ந்தது. 123 பேர் மாண்டார்கள். மேடையின் தாங்கு குழாய் ஒன்றில் சிறிய கருவியைப் பொருத்தப் போட்ட 6 மில்லிமீட்டர் வெல்டிங்கில் விரிசல் தொடங்கி வளர்ந்திருந்தது விசாரணையில் தெரிந்தது. அங்கே குச்சி ஈரமாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. "சின்ன வெல்டிங்தானே" என்று எதையும் தள்ளக்கூடாது என்றுதான் சொல்கிறேன்.

வாங்கும் இடத்திலேயே பாடம் தொடங்குகிறது

நம் பிள்ளைகள் பலர் சிங்கப்பூரில் சம்பள நாளில் லிட்டில் இந்தியாவுக்குப் போவார்கள். தேக்கா சந்தையில் சாமான், சிராங்கூன் ரோட்டில் சாப்பாடு, அப்படியே ஜாலான் புசார் பக்கம் வன்பொருள் கடைகளில் வெல்டிங் குச்சி, வெட்டும் சக்கரம், கையுறை. முன்பு சுங்கை ரோட்டுத் திருட்டுச் சந்தையில் பழைய கருவிகளும் பாதிப் பொட்டலக் குச்சிகளும் மலிவாகக் கிடைத்தன. அந்தச் சந்தை 2017 ஜூலை 10ஆம் தேதி மூடப்பட்டது. ஆனால் பாதிப் பொட்டலத்தை மலிவாக வாங்கும் பழக்கம் மூடப்படவில்லை!

நானும் உறவினர் ஒருவரோடு அங்கே போயிருக்கிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு வானம் கறுத்து, ஐந்தடி நடைபாதை எல்லாம் சாரல். கடை வாசலில் அட்டைப்பெட்டி, அதன்மேல் குச்சிப் பொட்டலம். அதைக் கையில் தூக்கிக்கொண்டு குவீன் ஸ்திரீட் பேருந்து நிலையத்துக்கு நடந்து, பாலத்தைத் தாண்டி, இன்னொரு பஸ் பிடித்து, தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்தால், பொட்டலம் வீடு சேரும்முன்பே பாதி நமத்துவிடும்.

ஆகவே வாங்கும்போது கவனியுங்கள்:

பிளாஸ்டிக் உறை கிழியாமல் இருக்க வேண்டும். அட்டை ஊறி உப்பியிருந்தால் வேண்டாம். ஒரு மாத வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவே வாங்குங்கள். "கிலோ மலிவு" என்று மூன்று பொட்டலம் வாங்கி, இரண்டைத் தூக்கி எறிந்தால் அது மலிவா? உறையில் அச்சிட்டிருக்கும் எண்ணையும், உலர்த்தும் சூட்டையும் கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தடித்த பிளாஸ்டிக் பை ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பொட்டலத்தை அதில் போட்டு, வாயை முறுக்கிக் கட்டிக் கொண்டுவாருங்கள். கீழே போடாதீர்கள். பூச்சு உதிர்ந்த குச்சி பாதிக் குச்சி.

எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள்

எல்லாக் குச்சிக்கும் ஒரே மருந்து கிடையாது. எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே மாத்திரை கொடுத்தால் நான் டிரெசரா? குச்சியும் அப்படித்தான்.

இ-6013: கேட், ஜன்னல் கம்பி, கோழிக்கூடு, சைக்கிள் கூடை எல்லாவற்றுக்கும் வீட்டில் பிடிக்கும் குச்சி இதுதான். இதை உலர்ந்த இடத்தில் மூடி வைத்தாலே போதும். ஈரமாகிவிட்டால், பொதுவாக 100 டிகிரியிலிருந்து 150 டிகிரி செல்சியசுக்குள் அரை மணி, ஒரு மணி நேரம் உலர்த்தலாம். சரியான அளவு உறையில் இருக்கும், அதையே பின்பற்றுங்கள்.

இ-7018: இது குறைந்த ஹைட்ரஜன் குச்சி. கப்பல், பாலம், பெரிய இரும்புக் கட்டடம் இவற்றுக்கானது. உறையைத் திறந்தவுடன் 120லிருந்து 150 டிகிரி சூட்டு அடுப்பில் வைக்க வேண்டும். சாதாரண 7018 குச்சியை வெளியே எடுத்தால் நாலு மணி நேரம்தான் கணக்கு. அதைத் தாண்டினால் 260 டிகிரிக்கு மேல், உறையில் சொன்ன சூட்டில், மணிக்கணக்கில் சுட வேண்டும். இதை வீட்டில் செய்ய முடியாது. "கப்பல்ல போடுற குச்சி, ரொம்ப ஸ்ட்ராங்கு" என்று சொல்லி இதை வீட்டில் திறந்து வைத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. நமத்த 7018ஐவிட உலர்ந்த 6013 மேல்.

இ-6010, இ-6011: குழாய் வேலைக்கான குச்சிகள். இவற்றின் பூச்சில் மரநார்ச் சத்து இருக்கிறது. இதற்குக் கொஞ்சம் ஈரம் வேண்டும். அடுப்பில் வைத்து உலர்த்தினால் குச்சி கெட்டுவிடும். பொட்டலத்தை மூடி, சாதாரண உலர்ந்த இடத்தில் வைத்தால் சரி. 7018 அடுப்பில் இதைச் சேர்த்து வைக்காதீர்கள்.

வீட்டில் வைக்கும் முறை

இதற்குப் பெரிய செலவு இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

1. தரையும் சுவரும் வேண்டாம். சிமெண்டுத் தரை ஈரத்தை மேலே இழுக்கும். தகரக் கூரை விடியற்காலையில் வியர்க்கும். பலகை அடித்து, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில், சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள். குளியலறை, சமையற்கட்டு, துணி காயும் இடம் ஆகாது.

2. குழாய்ப் பெட்டி செய்யுங்கள். மூன்று அங்குல பிவிசி குழாயில் ஒன்றரை அடி வெட்டி, ஒரு பக்கம் மூடியைப் பசை போட்டு ஒட்டி, மறுபக்கம் ரப்பர் வளையம் போட்ட திருகு மூடி வையுங்கள். வீட்டில் பயன்படுத்தும் குச்சிகள் பெரும்பாலும் 35 சென்டிமீட்டர் நீளம். சரியாகக் கொள்ளும். ஒரு குழாய்க்கு ஒரு வகைக் குச்சி. குழாயின்மேல் எண்ணையும் உறை திறந்த தேதியையும் எழுதி ஒட்டுங்கள்.

3. ஈரம் இழுக்கும் பொட்டலம். மருந்து பாட்டிலிலும் சப்பாத்துப் பெட்டியிலும் சின்னப் பொட்டலம் கிடக்குமே, அது சிலிக்கா ஜெல். துணிப் பையில் அதைப் போட்டுக் குழாய்க்குள் வைக்கலாம். ஆனால் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். உலர்ந்த குச்சியை உலர்வாக வைக்க இது உதவும். நமத்த குச்சியை இது உலர்த்தாது. நிறம் மாறும் நீல மணிகளில் கோபால்ட் உப்பு உண்டு, நஞ்சு. பிள்ளைகள் கையில் படக்கூடாது. குச்சிக்கு நடுவே அரிசி போட்டு வைக்கும் வழக்கமும் இருக்கிறது. அதனால் பெரிய பலன் இல்லை. அந்த அரிசியைப் பிறகு சமைத்துவிடவும் கூடாது.

4. பல்பு அலமாரி. கெட்டுப்போன குளிர்பெட்டிக்குள் 40 வாட் இழை பல்பு ஒன்று எரியவிட்டுக் குச்சி வைப்பவர்கள் உண்டு. நல்ல யோசனைதான். 25 டிகிரியில் 90 விழுக்காடு ஈரமுள்ள காற்றை 35 டிகிரிக்குச் சூடாக்கினால், காற்றீரம் ஏறக்குறைய 50 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். 6013க்கு இது போதும், 7018க்குப் போதாது. எல்இடி பல்பு சூடு தராது, பயனில்லை. பல்பைச் சுற்றிக் கம்பிக்கூடு வேண்டும், பிளாஸ்டிக் சுவரைத் தொடக்கூடாது. மின்கம்பி வேலையை உரிமம் பெற்றவர் செய்ய வேண்டும், எர்த் கட்டாயம். எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிப்பக்கம் பூட்டுப் போடுங்கள். பழைய குளிர்பெட்டிக்குள் ஒளிந்து விளையாடப் போய்ப் பிள்ளைகள் மூச்சடைத்து மாண்ட சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன.

5. வேலை நேரத்தில் எவ்வளவு தேவையோ அவ்வளவு மட்டும் எடுங்கள். பத்துக் குச்சி எடுத்து மூடியைத் திருகுங்கள். மிச்சத்தைப் பட்டறை மேசையில் இரவு முழுக்க விடாதீர்கள்.

6. சோதித்துப் பாருங்கள். இரண்டு குச்சியை ஒன்றோடொன்று தட்டினால், உலர்ந்தது 'டிங்' என்று கணீரென ஒலிக்கும். ஈரமானது 'டொப்' என்று மந்தமாக ஒலிக்கும். பூச்சின்மேல் உப்புப் பூத்ததுபோல் வெள்ளை படர்ந்திருந்தால், கம்பி முனையில் துரு இருந்தால், பூச்சு வெடித்திருந்தால், அந்தக் குச்சியை மனசாட்சியோடு ஒதுக்குங்கள். நன்றாக ஒலித்தது என்பதால் 7018 உலர்ந்தது என்று நம்பிவிடவும் கூடாது. அதன் ஈரம் காதுக்குத் தெரியாது.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

உங்கள் வீட்டு அடுப்பிலும், ரொட்டி சுடும் ஓவனிலும், வறுக்கும் சட்டியிலும் வெல்டிங் குச்சியை வைக்க விடாதீர்கள். "அஞ்சு நிமிஷம்மா" என்பார்கள். பூச்சில் ஃபுளோரைடும் மாங்கனீசும் வேறு உலோகத் தூள்களும் இருக்கின்றன. தூள் உதிர்ந்து சட்டியில் ஒட்டும், நாளைக்கு அது பிள்ளை வயிற்றுக்குப் போகும். வீட்டு ஓவனின் சூடு 7018க்குப் போதாது என்பது வேறு. குச்சி உலர்த்த வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு சின்ன ஓவன் வைத்து, பட்டறையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

அதேபோல மைலோ டின், பிஸ்கட் டின்னில் குச்சி வைத்தால் அந்த டின் மறுபடி சமையற்கட்டுக்கு வரக்கூடாது. சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போட்டுவிடுங்கள். எரிந்த துண்டுக் குச்சிகளைத் தரையில் விடாமல் மணல் டின்னில் போடச் சொல்லுங்கள். சூடான துண்டை வெறுங்காலோடு மிதித்த பிள்ளைகளுக்கு நான் மருந்து போட்டிருக்கிறேன்.

உடம்புக்கு வரும் கேடுகள்

கண்: முகமூடி இல்லாமல் ஒரு நொடி பார்த்தாலும் போதும். அப்போது ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து நள்ளிரவில் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும், நீர் வடியும், வெளிச்சம் பட்டால் கூசும். கண்ணின் மேல்தோல் வெந்துபோனதன் விளைவு. தாய்ப்பால் விடுவது, உருளைக்கிழங்கு வைப்பது, வெங்காயச் சாறு விடுவது எதுவும் வேண்டாம். குளிர்ந்த சுத்தமான துணி வைத்து, கண்ணைத் தேய்க்காமல் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் ஆறிவிடும். மரத்துப்போகும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்காதீர்கள். அது ஆறுவதைக் கெடுக்கும்.

காய்ச்சல்: நாகம் பூசிய குழாயையும் தகரத்தையும் பற்றவைத்தால் வெள்ளைப் புகை வரும். அதை இழுத்தவருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர், நடுக்கம், காய்ச்சல், வாயில் இரும்புச் சுவை, உடம்பு வலி வரும். மலேரியா மாதிரியே இருக்கும். ஓரிரு நாளில் தானாக இறங்கும். ஆனாலும் ஆஸ்பத்திரிக்கு வந்து, "நேத்து வெல்டிங் பண்ணினேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள். இரத்தம் சோதித்து வேறு காய்ச்சல் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். மூச்சுத் திணறினால் உடனே வாருங்கள். பூச்சை முதலில் தேய்த்து எடுத்துவிட்டுப் பற்றவைத்தால் இந்தப் புகை பெருமளவு குறையும்.

பால் குடித்தால் புகை போய்விடும் என்று எல்லாப் பட்டறையிலும் சொல்கிறார்கள். பால் போவது வயிற்றுக்கு. புகை போவது நுரையீரலுக்கு. பால் நல்ல உணவுதான், புகைக்கு மருந்தல்ல. 2017இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகை மனிதருக்கு நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான வகையில் சேர்த்துவிட்டது. எவர்சில்வர் வெல்டிங்கின் புகையில் பொல்லாத குரோமியம் வேறு இருக்கிறது. ஆகவே திறந்த வெளியில், காற்று முதுகுப்பக்கமோ பக்கவாட்டிலோ வர, தலையைப் புகைக்கு வெளியே வைத்து வேலை செய்யுங்கள். துணியை மூக்கில் கட்டுவது போதாது. உலோகப் புகைக்கான முகக்கவசம் வாங்குங்கள்.

மின்சாரம்: வெல்டிங் இயந்திரம் சும்மா ஓடும்போது பிடியில் 60, 80 வோல்ட் இருக்கும். "சின்னக் கரண்டுதான்" என்பார்கள். வியர்த்த உடம்புக்கு அது சின்னது அல்ல. பிடியைக் கக்கத்தில் இடுக்காதீர்கள். ஈரத் தரையில் நிற்காதீர்கள், உலர்ந்த பலகைமேல் நில்லுங்கள். மழை வந்தால் வேலையை நிறுத்துங்கள். ஒருவரை மின்சாரம் பிடித்துக்கொண்டால், அவரைத் தொடாமல் முதலில் சுவிட்சை அணையுங்கள்.

தீ: பழைய எண்ணெய்ப் பீப்பாயை வெட்டிக் குப்பைத்தொட்டி செய்வது நம் தோட்டங்களில் வழக்கம். இதைப் படியுங்கள். 1978 அக்டோபர் 12ஆம் நாள், சிங்கப்பூர் ஜூரோங் கப்பல் பட்டறையில் 'ஸ்பைரோஸ்' என்ற கிரேக்க எண்ணெய்க் கப்பல் பழுது பார்க்கப்பட்டுக்கொண்டிருந்தது. வெட்டும் தீயிலிருந்து கிளம்பிய நெருப்பு எண்ணெய்த் தொட்டியின் ஆவியில் பட்டு வெடித்தது. 76 உயிர்கள் போயின. அது கப்பல், உங்கள் வீட்டில் இருப்பது பீப்பாய். ஆனால் உள்ளே இருக்கும் ஆவி ஒரே குணம்தான். காலிப் பீப்பாய் என்பது காலி அல்ல. அதில் வெல்டிங் தீ வைக்கவே வேண்டாம்.

எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது

வீட்டுப் பட்டறையில் கேட் செய்யுங்கள், அலமாரி செய்யுங்கள், பூந்தொட்டித் தாங்கி செய்யுங்கள். ஆள் ஏறும் ஏணி, பிள்ளைகள் ஆடும் ஊஞ்சல், டிரெய்லர் கொக்கி, மோட்டார் சைக்கிள் சட்டம், தலைக்குமேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டித் தாங்கி இவற்றை, எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும், சந்தேகமான குச்சியால் தொடாதீர்கள். உயிர் தொங்கும் வேலைக்குச் சோதனை வசதியுள்ள பட்டறைக்குப் போங்கள். சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் தங்கியிருக்கும் பிள்ளைகள் அங்கே, அறையிலும் மாடி நடையிலும், பட்டறை வைக்கும் எண்ணமே கொள்ள வேண்டாம். அக்கம்பக்கத்து உயிரும் நம் பொறுப்பு.

சிங்கப்பூரில் வேலை நேரத்தில் கண் வெந்தாலோ, கை சுட்டாலோ, "லேசானதுதான்" என்று மறைக்காதீர்கள். உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லி, மருத்துவரிடம் எழுத்துச் சீட்டு வாங்குங்கள். 2019ஆம் ஆண்டின் வேலைக்காய இழப்பீட்டுச் சட்டம் 2020 செப்டம்பர் முதல் அங்கே நடைமுறையில் இருக்கிறது. சொல்லாத காயத்துக்குச் சாட்சி கிடையாது. இதைச் சங்கத்தில் சேர்ந்த ஒவ்வொரு தகப்பனும் மகனுக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக, அந்தத் தாயாரைப் பற்றிக் கேட்பீர்கள். இப்போது நடக்கிறார், மழை வந்தால் கொஞ்சம் நொண்டுகிறார். மகன் பிவிசி குழாய் மூன்று வாங்கி, மூடி போட்டு, தேதி எழுதி, பலகையில் அடுக்கி வைத்திருக்கிறான். புதுத் தாங்கியைத் தெரிந்த பட்டறையில் செய்து வாங்கினார்கள். போன வாரம் ஊசி போட வந்தபோது அந்த அம்மா சொன்னார்: "டிரெசரே, இப்ப அவன் ராடு பெட்டியத்தான் முதல்ல பாக்கிறான், அப்புறந்தான் என் காலைப் பாக்கிறான்." இரண்டும் ஒன்றுதான் அம்மா, என்றேன்.

ஆகவே தோழர்களே, இந்த ஐந்தையும் மனத்தில் வையுங்கள்: கொஞ்சமாக வாங்குங்கள், மூடி வையுங்கள், எண் பார்த்து உலர்த்துங்கள், சமையற்கட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள், சந்தேகமான குச்சியை ஒதுக்குங்கள். சந்தேகம் இருந்தால் பெரட்டு முடிந்ததும் ஆஸ்பத்திரிப் பக்கம் வாருங்கள், பேசுவோம்.

அடுத்த பாடத்தில் மருந்து தெளிக்கும் சகோதரிகளின் கைத்தோல் பாதுகாப்பு. வணக்கம்.